புளித் தராசில் நின்றவர்கள்

1

எங்கள் தையல் ஆலைக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு நர்ஸ் வந்து எல்லோருடைய எடையையும் உயரத்தையும் எடுப்பார். நேற்று வந்திருந்தார். என் பக்கத்து மிஷினில் புதிதாகச் சேர்ந்திருக்கும் குஜராத்திப் பெண், அந்த அறையிலிருந்து குழம்பிய முகத்தோடு வெளியே வந்தாள். நர்ஸ் தன்னைத் திட்டினாரா பாராட்டினாரா என்று தெரியவில்லை என்றாள். தேநீர் இடைவேளையில் அவளுக்கு விளக்கிச் சொல்ல உட்கார்ந்தேன். சொல்லி முடிப்பதற்குள் என் மனசு ஜவ்வாது மலைக்குப் போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல்முறை எனக்கு நேர்ந்தது இதைவிட மோசம். தற்காலிக வேலையிலிருந்து நிரந்தர வேலைக்கு மாற்ற வேண்டுமானால் டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்று ஆலையில் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் என்னைத் தராசில் ஏற்றி, பத்துக் கல் மூன்று பவுண்டு என்றார். இங்கிலாந்தில் மனிதர்களைக் கல் கணக்கில்தான் நிறுப்பார்கள், ஒரு கல் பதினாலு பவுண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிறகு அவர் சிரித்துக்கொண்டே, நான் கொஞ்சம் எடை சுமக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கைப்பையைச் சொல்கிறார் என்று நினைத்து, பையை வெளியிலேயே வைத்துவிட்டேன், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றேன். உடம்பு பருத்திருப்பதைத்தான் அங்கே அப்படி நாசூக்காகச் சொல்வார்களாம். அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை இன்றும் மறக்கவில்லை.

அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு, பொறுமையாக விளக்கினார். கிலோவில் எடை, அதை மீட்டரில் உயரத்தால் ஒருமுறை வகுக்க வேண்டும், வந்த விடையை அதே உயரத்தால் மறுபடி வகுக்க வேண்டும். கிடைக்கும் எண் இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் இருந்தால் உயரத்துக்கு ஏற்ற எடை. இருபத்தைந்தைத் தாண்டினால் அதிகம். முப்பதைத் தாண்டினால் உடம்புக்கு ஆபத்து. கீழ்க்கோடு இருபதா, அதற்கும் ஒன்றிரண்டு கீழேயா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே பேச்சு இருப்பதாகவும் சொன்னார். வளர்ந்த பெரியவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு என்று இரண்டு முறை அழுத்தினார்.

எனக்கு இருபத்தெட்டு.

2

என் ஊரில் இதற்கு வேறு மொழி. நான் பிறந்தது ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மலைக் கிராமம். சாமையும் கேழ்வரகும் விதைப்போம். புளி உலுக்கி விற்போம். அங்கே ஒருவரைப் பார்த்து 'ஒடம்பு போட்டுட்ட' என்றால் அது வாழ்த்து. 'எளச்சிட்ட' என்றால் கவலை. சதை பிடித்தவர்கள் வயிறார உண்கிறவர்கள், கடன் தொல்லை இல்லாதவர்கள், புருஷன் ஒழுங்காக வைத்திருக்கும் பெண்கள். வேறு எந்தத் தராசும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

தையல் படிக்க நான் கீழே கண்ணமங்கலத்துக்கு வந்தேன். அங்கே மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்தின் இளைய மகனைக் கல்யாணம் செய்துகொண்டேன். இரண்டு வீட்டுக்கும் அரை மனசுதான். இங்கிலாந்தில் இரும்பை உருக்கி வார்க்கும் ஓர் ஆலையில் அவருக்கு வேலை கிடைத்தது. எழுபத்து மூன்றில், மூன்று வயது மகள் சுமதியைத் தூக்கிக்கொண்டு நானும் வந்து சேர்ந்தேன்.

சுமதி இந்த ஊர்ப் பிள்ளையாகவே வளர்ந்தாள். பள்ளியில் அவள் பெயர் சூ. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பதினான்கு வயதானபோது சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பிடிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. காலையில் கேட்டால் பள்ளியில் சாப்பிடுவேன் என்பாள். மாலையில் கேட்டால் தோழி வீட்டில் சாப்பிட்டாயிற்று என்பாள். அவள் அறைச் சுவரில் ஒட்டியிருந்த பெண்கள் எல்லோரும் மூங்கில் கழி போல இருந்தார்கள். நர்ஸ் எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துக் கணக்கை அவளும் கற்றுக்கொண்டாள். சின்னக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் போட்டாள், தெரு ஆட்களுக்கு உத்தேசமாகப் போட்டாள். தனக்கு எவ்வளவு என்று மட்டும் என்னிடம் சொல்லவே இல்லை.

3

எண்பத்து நாலில் புளி இறங்கும் பருவத்தில் ஊருக்குப் போனோம். என் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை; நானும் சுமதியும் மட்டும். பதினொரு வருஷம் கழித்து மலைப்பாதையில் பஸ் ஏறியபோது சுமதிக்குத் தலை சுற்றியது. எனக்குக் காது அடைத்தது.

என்னைப் பார்த்த பெண்கள் எல்லோரும், நன்றாக இருக்கிறாய் என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். சுமதியைப் பார்த்து, சீமையில் பஞ்சமா என்று கேட்டார்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இங்கிலாந்தில் பெருமையாகக் கொண்டு திரிந்த உடம்பை இங்கே எல்லோரும் பரிதாபமாகப் பார்க்கிறார்களே என்று அவளுக்குக் கோபம். எனக்கோ சிரிப்பு. நர்ஸ் குறைக்கச் சொன்ன உடம்புக்கு இங்கே இத்தனை வரவேற்பு.

ஆனால் அக்காவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பச்சையம்மா அக்கா என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். அவள் எப்போதுமே ஒல்லிதான். மலையில் எல்லோருமே ஒல்லிதான். ஏறி இறங்குகிறவர்களுக்கு வேறு எப்படி இருக்கும்? இருந்தாலும் அவள் கண்ணும் கழுத்தும் எனக்கு ஏதோ சொல்லின. கேட்டால், வயசாகிறது என்றாள். அவள் புருஷனை, மாமாவை, தனியாகக் கேட்டேன். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, தன்னைவிட இரண்டு மடங்கு சாப்பிடுகிறாள் என்றார். அது உண்மை. களி கிண்டி இறக்கினால் இரண்டு பெரிய உருண்டையை முடித்துவிட்டு, மிச்சம் இருக்கிறதா என்று சட்டியை எட்டிப் பார்த்தாள். துன்றதெல்லாம் எங்கே போவுது என்று ஊரே கேலி செய்தது. காட்டேரி உண்கிறது என்று ஒரு பூசாரி சொல்லி, மாமா அதற்கு ஒரு கோழியும் கொடுத்திருந்தார். மலைக்காற்றில் நாங்கள் போர்த்திக்கொண்டு படுத்தால், அக்கா மட்டும் வேர்க்கிறது என்று வாசலுக்குப் போய்விடுவாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் சுள்ளென்று விழுந்தாள். அவள் குணம் அது இல்லை.

4

சந்தை நாளில் புளி மூட்டையோடு ஜமுனாமரத்தூருக்கு இறங்கினோம். வாங்கும் வியாபாரி மலைக்குக் கீழே இருந்து வரும் கீழ்நாட்டுக்காரர். மூட்டைகளை நிறுக்க ஒரு மேடைத் தராசு வைத்திருந்தார். மேலே நீண்ட இரும்புத் தண்டும், அதில் நகரும் குண்டும் உள்ள தராசு. அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. எத்தனையோ நாளாக மனசில் இருந்த கேள்வி இது: நர்ஸின் கணக்கைப் போட்டால் எங்கள் மலை எந்த எண்ணில் நிற்கும்?

வியாபாரியிடம் கேட்டேன். அவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். தையல்காரியின் பையில் அளவு நாடா எப்போதும் இருக்கும். கடைத் தூணில் நாடாவைப் பிடித்து உயரம் எடுத்தேன். சுமதி கால்குலேட்டரை எடுத்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து அன்றுதான் அவள் முகத்தில் ஆர்வத்தைப் பார்த்தேன்.

முதலில் மூட்டை தூக்குகிறவர் ஏறினார். நெஞ்செல்லாம் நரம்பு. ஐம்பது கிலோ. சுமதி கணக்குப் போட்டுப் பதினெட்டே முக்கால் என்றாள். இரண்டு மூட்டைகளை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அடுத்து வியாபாரியே ஏறினார். முப்பதைத் தொட்டது. சந்தையில் இருப்பவர்களிலேயே ஆரோக்கியமானவர் அவர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். அவர் பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குவதை நான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது என்றால் இன்னா அர்த்தம் என்று கேட்டார். எடையைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம் என்றேன்.

"அய்ய, இன்னாம்மா இது. பத்து வருசமா கஸ்டப்பட்டுப் போட்ட ஒடம்புங்க" என்றார்.

அதற்குள் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியாகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். பதினேழு, பதினெட்டு, பதினாறரை, பத்தொன்பது. நர்ஸ் சொன்ன இருபதைத் தொட்டவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். எனக்கு ஒரே யோசனை. இவர்கள் எல்லோரும் நோயாளிகளா? சிலருக்கு நகத்தடி வெளுத்து, படியேறினால் தலை சுற்றும். அவர்களுக்குச் சாப்பாடு போதவில்லை என்பது எண் இல்லாமலே தெரிந்தது. சிலர் விடிந்ததிலிருந்து சுமை தூக்கியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சாராருக்கும் ஒரே எண்.

அக்கா ஏறினாள். வியாபாரி குண்டை நகர்த்தினார். தண்டு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. மற்றவர்களுக்கு ஓரிரு தரம் ஆடி நின்ற தண்டு, அவளுக்கு நிற்கவே இல்லை. ஆடாமல் நில்லும்மா என்றார் வியாபாரி.

"நின்னுட்டுத்தான் கீறேன்" என்றாள் அக்கா.

முப்பத்தொன்பது கிலோ இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பாகச் சொல்லி இறக்கிவிட்டார். சுமதி பதினேழே கால் என்றாள். மற்றப் பெண்களின் எண்ணும் அதே அளவில்தானே என்று நான் கொஞ்சம் ஆறுதலடைந்தேன். சுமதி மட்டும் கால்குலேட்டரைப் பார்க்காமல் அக்காவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவுக்குக் குளிருகிறதா, ஏன் விரல் நடுங்குகிறது என்று என்னிடம் கேட்டாள். உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

5

அன்று சாயங்காலம் அக்காவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கலாம் என்று, அளவுக்கு அவளுடைய பழைய ரவிக்கை ஒன்றைக் கேட்டேன். கொண்டுவந்து போட்டாள். உள்பக்கத்தைத் திருப்பினேன்.

பக்கத்தில், தளர்ந்ததை இறுக்க ஒரு பிடிப்புத் தையல் போட்டிருந்தது. அதற்குள்ளே இன்னொரு பிடிப்பு. அதற்கும் உள்ளே கை ஊசியால் அவசரமாக ஓட்டிய மூன்றாவது. முதல் தையலின் நூல் வெளுத்திருந்தது. கடைசி நூல் புத்தம் புதிது. எப்போது பிடித்தாய் என்று கேட்டேன். முதலாவது போன ஆடியில், மற்ற இரண்டும் தை பிறந்த பிறகு என்றாள். அளவு நாடாவை வைத்துப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்குள் ஒரு சாண் போயிருந்தது.

என் சிந்தனை எங்கே தவறியது என்று அப்போது புரிந்தது. மூட்டை தூக்குகிறவர் இருபது வருஷமாகவே ஐம்பது கிலோதான். அவருடைய சட்டை அவருக்குச் சரியாக இருந்தது. அக்கா தன் எண்ணுக்கு இந்த ஒரு வருஷத்துக்குள்தான் வந்து சேர்ந்திருக்கிறாள், இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறாள். இரண்டு மடங்கு சாப்பிட்டும் இறங்குகிறாள்.

நாளைக்கே வேலூருக்குப் போகலாம் என்றேன். அக்கா மாட்டேன் என்றாள். புளி உலுக்கும் நேரம், ஆள் கிடைக்காது, எளைச்சதுக்கெல்லாம் யாராவது ஆசுபத்திரிக்குப் போவாங்களா என்று கத்தினாள். மாமாவும் யோசித்தார். ரவிக்கையை விரித்து அந்த மூன்று தையலையும் அவருக்குக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய், புளிக்கு வேறு ஆள் பேசிவிட்டு வந்தார். அக்கா அழுதாள். தனக்கே பயமாக இருந்தது என்றும், சொன்னால் நிஜமாகிவிடும் என்று சொல்லாமல் இருந்ததாகவும் அப்புறம் சொன்னாள்.

6

வேலூர் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் அக்காவின் வயதைக் கேட்டார். பெரிய மழையில் ஓடை உடைந்த வருஷம் பிறந்ததாக அக்கா சொன்னாள். கதவு எண் கேட்டார். வூட்டுக்குக் கதவே போன வருசம்தான் வச்சோம் என்றாள். இங்கிலாந்தில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்காமல் நான் தவித்தது நினைவுக்கு வந்தது. கடைசியில் அவரே நாற்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டார்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. நான் சந்தைத் தராசுக் கதையையும் எண்ணையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அக்காவைக் கைகளை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று அதிர்ந்தது. தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார். நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். கழுத்தில் இருக்கும் தைராய்டு என்ற சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது போலத் தெரிகிறது, இரத்தம் சோதித்துவிட்டு உறுதியாகச் சொல்கிறேன் என்றார். சாப்பிடுவதையெல்லாம் உடம்பு அடுப்பில் போட்டது போல எரித்துவிடுமாம். வேர்வை, நடுக்கம், கோபம் எல்லாம் அதனால்தான். இன்னும் விட்டிருந்தால் இதயத்தைப் பிடித்திருக்கும் என்றார்.

அப்படியென்றால் நர்ஸ் சொல்லிக்கொடுத்த கணக்கு உபயோகமில்லாததா என்று கேட்டேன். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன் உபயோகமில்ல? இன்னிக்கு எங்க நிக்கிறீங்கன்னு அது சொல்லும். அங்க எப்படி வந்தீங்கன்னு சொல்லாது. அத நாமதான் கேக்கணும்" என்றார்.

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் நாடாவைக் கேட்டு வாங்கி என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார். நம் ஆட்களுக்குச் சதை முதலில் வயிற்றில்தான் சேர்கிறது, எண் கொஞ்சம் ஏறினாலே சர்க்கரை வந்துவிடுவதைத் தினமும் பார்க்கிறேன், நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள் என்றார். ஊரில் வாங்கிய பாராட்டெல்லாம் அந்த இடத்தில் போயிற்று.

சுமதி அதுவரை ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். தன் எண் பதினாறு, அது சரியா என்று திடீரென்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் வாயிலிருந்து அந்த எண்ணை நான் முதன்முதலாகக் கேட்டது அங்கேதான். டாக்டர் அவள் வயதைக் கேட்டார். வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, அவர்களுக்கு வயதை வைத்துப் பார்க்கும் வேறு அட்டவணை உண்டு என்றார். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சுமதி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

7

சோதனை முடிவு வரும்வரை வேலூரில் தங்கினோம். டாக்டர் நினைத்ததுதான் நோய். இரண்டாம் நாள் மதியம், ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்தோம். சுமதி பசியில்லை என்றாள். அக்கா தன் பங்கை முடித்துவிட்டு, சுமதியின் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பசி எப்படிப்பட்டது என்று பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். கை நீண்டது, தானே இழுத்துக்கொண்டாள்.

"நான் துன்னு துன்னும் ஒடம்புல நிக்கல. ஒனக்கு நிக்கிற ஒடம்பு. நீ ஏம்மா வேணான்ற?" என்றாள்.

சுமதி என்னைப் பார்த்தாள். நான் ஆங்கிலத்தில் சொல்லப் போனேன். வேண்டாம், புரிந்தது என்று தலையசைத்தாள். பொட்டலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அக்காவின் இலையில் வைத்தாள். மறு பாதியை மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தாள். முழுவதும் சாப்பிடவில்லை. மிச்சத்தை நான் மடித்து வைத்தேன்.

அக்காவுக்கு மாத்திரை தொடங்கிக் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும், மாதா மாதம் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். நாங்கள் விமானம் ஏறும்போது அவள் விரல் நடுக்கம் கொஞ்சம் அடங்கியிருந்தது. அவ்வளவுதான்.

இங்கே திரும்பியதும் நானும் சோதித்துக்கொண்டேன். சர்க்கரை விளிம்பில் நின்றது. ஆலைக்குப் பஸ்ஸை விட்டு நடக்கத் தொடங்கினேன். சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டினேன். எண் இன்னும் இருபத்தைந்துக்குள் வரவில்லை, இருபத்தாறில் நிற்கிறது. ஆனால் அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். சுமதியைப் பள்ளி டாக்டரிடம் அழைத்துப் போனேன். முன்னேற்றம் ஒரே சீராக இல்லை. சில நாள் சாப்பிடுவாள், சில நாள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் போன் அடித்தது. கண்ணமங்கலத்துக் கடையிலிருந்து என் கணவரின் அண்ணன் பேசினார். அக்கா வேலூரில் காட்டிவிட்டு மலைக்குத் திரும்பும் வழியில் வந்திருக்கிறாள், பேசச் சொல்கிறேன் என்றார். அக்கா போனில் பேசுவது அதுதான் முதல் தடவை. ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். ஏழு கிலோ ஏறியிருக்கிறதாம். ராத்திரி தூக்கம் வருகிறதாம். போன மாதத்திலிருந்து போர்வை கேட்கிறாளாம். இதைச் சொல்லும்போது சிரித்தாள். பழைய சிரிப்பு. ரிசீவரைச் சுமதியிடம் கொடுத்தேன்.

அக்கா கேட்டது எனக்கும் கேட்டது.

"சாப்ட்டியா கண்ணு?"

இதே கேள்விக்குச் சுமதி வருஷக்கணக்காக என்னிடம், சாப்பிட்டாயிற்று என்ற ஒரே பதில்தான் சொல்லி வந்தாள். அன்று சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். போன் காசு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, தட்டுத் தடுமாறிய தமிழில் சொன்னாள்:

"இன்னும் இல்ல, பெரிம்மா. இப்பதான் சாப்டப் போறேன்."

ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது.